ஹீட்டர் பிளக்கும் எங்கப்பாவின் காலும்

ஹீட்டர் என்று சொன்னால் சென்னையில் இருக்கிறவங்களுக்கு குளியலறைதான் ஞாபகம் வரும். எங்க மேல்மலையில் ஹீட்டர் என்றால் முதலில் வண்டிதான். டீசல் இன்ஜினின் ஹெட்டில், சிலிண்டருக்கு ஒன்றாகத் திருகியிருக்கிற விரல் நீளக் கம்பி. புத்தகத்தில் குளோ பிளக் என்று போட்டிருப்பான். மெக்கானிக்குகள் எல்லாருக்கும் அது ஹீட்டர் பிளக்.

கொடைக்கானலைத் தாண்டி உள்ளே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போகிற பகுதியைத்தான் மேல்மலை என்போம். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ். கொடைக்கானலைப் பார்க்க மே மாதம் வருகிறவங்களுக்கு இங்கே மார்கழி, தை எப்படி இருக்கும் என்று தெரியாது. விடியக்காலம் புல் எல்லாம் சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளையாக உறைஞ்சு கிடக்கும். அந்த நேரத்தில்தான் லோடு வண்டியைக் கிளப்பணும். மார்க்கெட் நம்ம குளிருக்காகக் காத்துக்கிட்டு இருக்காது.

பெட்ரோல் வண்டிக்குத் தீப்பொறி போட பிளக் உண்டு. டீசலுக்கு அது கிடையாது. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடும், கவனிச்சிருப்பீங்க. காத்தை அமுக்கினால் சூடாகும். இன்னும் பலமா, இருபதில் ஒரு பங்காக அமுக்கினால், அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினதும் அதுவே பத்திக்கும். மொத்த இன்ஜினும் இந்த ஒரு விஷயத்தில்தான் ஓடுது. ஆனால் இரும்பு முழுக்கச் சில்லிட்டுப் போயிருக்கும்போது, அமுக்கின காத்தின் சூட்டை அந்த இரும்பே உறிஞ்சிக்கும். மலை மேல காத்தும் மெலிசு. கீழே இருக்கிறதில் ஐந்தில் ஒரு பங்கு குறைச்சல். அதனால் டீசல் பத்தாமல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். கண்ணெல்லாம் எரியும்.

ருடால்ஃப் டீசல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் 1897-ல் ஓட்டிக் காட்டின இன்ஜினில் ஹீட்டர் பிளக் கிடையாது. அது ஆள் உயரத்தையும் தாண்டி நின்ற பெரிய மிஷின். அண்டாவில் இருக்கிற வெந்நீர் மெதுவாத்தான் ஆறும், அதையே டம்ளரில் ஊத்தினால் உடனே ஆறிடும் இல்லையா, அதே கணக்குதான் இங்கேயும். பெரிய சிலிண்டர் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். இன்ஜினைச் சின்னதாக்கி வண்டியில் வைக்கணும் என்று வந்தபோதுதான் தகராறு ஆரம்பிச்சது.

டீசலுக்கு முன்னாடியே இங்கிலாந்தில் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்கிறவர் வேறு வழியில் போனார். சிலிண்டர் தலையில் ஒரு இரும்புக் குடுவை. அதை வெளியில் இருந்து ஊது விளக்கால் பழுக்கக் காய்ச்சணும். பழுத்த பிறகு சக்கரத்தைச் சுத்தினால் இன்ஜின் ஓடும், அப்புறம் தன் சூட்டிலேயே ஓடிக்கிட்டு இருக்கும். 1892-லிருந்து ஹார்ன்ஸ்பி கம்பெனி இதைச் செய்து வித்தது. ஜெர்மனியில் 1921-ல் வந்த லான்ஸ் புல்டாக் டிராக்டரும் இந்த ஜாதிதான். அங்கத்த விவசாயி காலையில் எழுந்ததும் முதல் வேலையா டிராக்டர் மூக்குக்கு அடியில் விளக்கைக் கொளுத்தி வச்சுட்டுத்தான் மத்த வேலை பார்த்திருப்பான். நாங்களும் இன்ஜினுக்கு அடியில் துணிப்பந்தத்தைக் கொளுத்திப் பிடிச்சவங்கதான். அதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று அப்போ நினைச்சுக்கிட்டோம். ஆயில் சொட்டுற வண்டிக்கு அடியில் நெருப்பு வைக்கிறது எவ்வளவு முட்டாள்தனம் என்று இப்போ நினைச்சால் வயித்தைக் கலக்குது.

லாரிக்கு ஏத்த டீசல் இன்ஜினுக்கு வழி போட்டவர் ப்ரோஸ்பர் லொராஞ்ஜ். மான்ஹைம் ஊரில் பென்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1909-ல் ஒரு பேட்டன்ட் வாங்கினார். டீசலை நேரா சிலிண்டருக்குள் அடிக்காமல், பக்கத்தில் ஒரு சின்ன அறை வச்சு முதலில் அதற்குள் அடிக்கிறது. அங்கே பாதி எரிஞ்சு, அந்த வேகத்தில் மீதி சிலிண்டருக்குள் சீறிப் பாயும். இதனால் இன்ஜின் சின்னதாகவும் மென்மையாகவும் ஓடிச்சு. 1920-களில் டீசல் லாரி ரோட்டுக்கு வந்தது இப்படித்தான்.

ஆனால் இதில் ஒரு கஷ்டம் இருந்தது. சின்ன அறை என்றால் டம்ளர் கதைதான். சுவர் அதிகம், சூடு சீக்கிரம் போயிடும். காலைக் குளிரில் பத்தவே பத்தாது. அதற்காகத்தான் அந்த அறைக்குள் ஒரு கம்பியை நுழைச்சு, பேட்டரி கரண்டில் பழுக்க வச்சாங்க. அதுதான் ஹீட்டர் பிளக். 1936-ல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் 260 டி என்ற டீசல் கார் வந்தது. அதிலும் சாவியைப் போட்டுட்டுக் காத்துக்கிட்டுதான் இருக்கணும். இந்த மாதிரி வண்டிகளில் காத்திருக்கிற நேரத்துக்கு ஜெர்மன்காரங்க வச்ச பேர், ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம். மனுஷன் 1913-ல் கப்பலில் போகும்போது கடலில் காணாமல் போனவர். அவருக்குத் தினமும் காலையில் ஒரு நிமிஷ மௌன அஞ்சலி என்று கிண்டல். எனக்கு இதைக் கேட்டபோது சிரிப்பு வரலை. எங்கப்பா டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாரே, அந்த முகம்தான் வந்தது.

அப்பா லாரி கிளீனராக இருந்தவர். 1962 சுமாருக்கு, பதினேழு வயசில், கொடைக்கானல் வத்தலக்குண்டு லைனில் உருளைக்கிழங்கு ஏத்தின ஒரு பென்ஸ் லாரியில் சேர்ந்தார். இப்போ பென்ஸ் என்றால் சினிமாக்காரங்க கார். அப்போ அது லாரி. டாடா கம்பெனி ஜெர்மன்காரங்களோட சேர்ந்து 1954-லிருந்து ஜாம்ஷெட்பூரில் செய்த லாரி. முகத்தில் அந்த மூணு முனை நட்சத்திரம் இருக்கும். 1969-ல் ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் எங்க பக்கத்துப் பெரியவங்க ரொம்ப நாளைக்கு டாடா லாரியை பென்ஸ் வண்டி என்றுதான் சொன்னாங்க. அதில் இருந்தது லொராஞ்ஜ் வழி இன்ஜின். ஆறு சிலிண்டர், ஆறு ஹீட்டர் பிளக். எண்ணூரில் செய்த லேலண்டு லாரிக்கு டீசல் நேரா சிலிண்டருக்குள்ளேயே போகும், அதற்கு இந்தப் பிளக்கே வேண்டாம். அதனால் லேலண்டு டிரைவர்கள் பென்ஸ் டிரைவர்களைப் பார்த்து, "என்னப்பா, அடுப்பு மூட்டியாச்சா?" என்று கேட்பாங்களாம்.

அந்த லாரியின் டேஷ்போர்டில் ஓட்டை போட்ட ஒரு மூடிக்குள் சின்னதாக ஒரு கம்பிச் சுருள் இருந்ததாக அப்பா சொல்வார். அவர் அதைக் கண்ணு என்பார். ஹீட்டர் சுவிட்சை இழுத்துப் பிடிச்சால் கொஞ்ச நேரத்தில் கண்ணு சிவக்கும். சிவந்த பிறகுதான் செல்ஃப் அடிக்கணும். கண்ணு சிவந்துச்சா என்று பார்த்துச் சொல்றது கிளீனர் வேலை.

அந்தக் கண்ணு விளக்கு இல்லை. இதைத்தான் நான் முக்கியமாச் சொல்ல வந்தேன். பேட்டரியில் இருந்து கிளம்பின கரண்டு முதலில் அந்தச் சுருள் வழியாகப் போய், அப்புறம் ஒரு பிளக், அடுத்த பிளக் என்று மாலை கோத்த மாதிரி ஆறிலும் போய்க் கடைசியில் பாடியில் இறங்கும். பிளக்கில் ஓடுற அதே கரண்டுதான் கண்ணிலும் ஓடுது. பிளக் பழுத்தால்தான் கண்ணும் பழுக்கும். ஒரே ஒரு பிளக் செத்தாலும் மாலை அறுந்த மாதிரி மொத்தமும் நின்னுடும், கண்ணு இருட்டாகவே இருக்கும். எங்கேயோ பிளக் பாடியைத் தொட்டு ஷார்ட் ஆனால் கண்ணு வழக்கத்தை விடச் சீக்கிரம், வெள்ளையாச் சிவக்கும். ரெண்டையும் பார்த்தே சொல்லிடலாம்.

செத்த பிளக் எது என்று கண்டுபிடிக்க அப்பா கத்துக்கிட்ட முறையும் சுலபம். ஒருத்தர் சுவிட்சைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணைப் பார்க்கணும். இன்னொருத்தர் ஒரு கெட்டி வயர்த் துண்டை எடுத்து ஒவ்வொரு பிளக்குக்கும் ரெண்டு பக்க முனையிலும் பாலம் மாதிரி வைக்கணும். செத்ததுக்கு மேல வைக்கும்போது அறுந்த மாலை கூடிடும், கண்ணு முழிக்கும். உள்ளே இருக்கிறவர் "வந்துருச்சு" என்று கத்துவார். அவசரத்துக்கு அந்த வயரை அப்படியே கட்டிக்கிட்டு மலை இறங்கின நாளும் உண்டாம். ஒரு பிளக் குறைந்தால் மத்ததுக்குக் கரண்டு கூடுதலாப் போகும், ரொம்ப நேரம் பிடிக்கக் கூடாது என்பார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை. ஒண்ணு போனால் எல்லாம் போச்சு. அதனால் அப்புறம் வந்த இன்ஜின்களில் மாலை முறையை விட்டுட்டாங்க. பென்சில் மாதிரி பிளக் வந்தது. ஒவ்வொண்ணுக்கும் பேட்டரியில் இருந்து தனித்தனியாகக் கரண்டு வரும், எல்லாத் தலையையும் ஒரு பட்டைத் தகடு சேர்த்திருக்கும். ஒண்ணு செத்தாலும் மத்தது வேலை செய்யும். காத்திருக்கிற நேரமும் குறைஞ்சது. டேஷ்போர்டில் கண்ணுக்குப் பதிலா சுருள் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு.

நல்ல முன்னேற்றம்தான். ஆனால் நான் வச்சிருந்த வண்டியில் அந்த ஆரஞ்சு விளக்குக்கும் பிளக்குக்கும் சம்பந்தமே இல்லை. சாவியைப் போட்டால் எரியும், இத்தனை செகண்டு ஆனதும் அணையும். நாலு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்கு எரிஞ்சு அணையும். அப்பாவும் நானும் அதைக் கண்ணு என்று நம்பினோம்.

1999-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் வாங்கினோம். எந்தக் கம்பெனி என்று சொல்லலை, அதன் மேல குத்தமில்லை. ரெண்டு வருஷம் நல்லா ஓடிச்சு. அப்புறம் குளிர்காலத்தில் காலை முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் உதறும், வெள்ளைப் புகை விடும், பத்து செகண்டில் சரியாயிடும். வயசான வண்டி அப்படித்தான் என்று விட்டுட்டோம். அது முதல் பிளக் செத்த காலம் என்று இப்போ தெரியுது. அடுத்த குளிரில் செல்ஃப் மூணு தரம், நாலு தரம் அடிக்க வேண்டியதாச்சு. பேட்டரி மாத்தினோம். அப்புறமும் சரியாகலை. ஒரு பம்ப் நாசில் கடையில் காட்டினேன். பம்ப்பை இறக்கினாங்க, நாசில் சர்வீஸ் பண்ணினாங்க, ஆறாயிரம் ரூபாய். எந்தப் பருவத்துப் பூண்டு வித்த காசு என்று கூட ஞாபகம் இருக்கு. வண்டியை எடுக்கும்போது மத்தியானம், இன்ஜின் சூடு, ஒரே அடியில் ஸ்டார்ட் ஆச்சு. மறுநாள் விடிகாலை பழைய கதை.

அதுக்குப் பிறகு மலைக்காரங்க எல்லாரும் செய்றதைச் செய்தோம். ராத்திரி வண்டியைச் சரிவில் முகம் கீழே பார்க்க நிறுத்தி, டயருக்குக் கல்லு வைக்கிறது. காலையில் கல்லை எடுத்துட்டு உருட்டி, ரெண்டாவது கியரில் கிளட்சை விட்டால் ஓடிடும். செல்ஃப் சுத்துறதை விட வேகமா, நிறைய தடவை சுத்துறதால் உள்ளே சூடு பிடிச்சுக்கும். செல்ஃபும் மிச்சம், பேட்டரியும் மிச்சம் என்று பெருமை வேற. ஒரு வருஷம் அப்படியே ஓட்டினோம். அந்த ஒரு வருஷமும் வண்டியில் என்ன கோளாறு என்று யோசிக்கவே வேண்டி வரலை.

2003 ஜனவரி. கேரட் லோடு. மூணரை மணி, கை விரல் மடங்கலை. நான் சீட்டில், அப்பா முன் டயர்க் கல்லை எடுக்கக் குனிஞ்சிருந்தார். ஹேண்ட் பிரேக் பிடிப்பு ஏற்கெனவே லூசு. அப்பா "எடுத்துட்டேன்" என்று சொன்ன மாதிரி எனக்குக் கேட்டுச்சு. அவர் சொன்னது "எடுத்துடவா". நான் கால் பிரேக்கை விட்டேன். வண்டி ஒரு முழம்தான் நகர்ந்தது. லோடோட அந்த முன் டயர் அவர் வலது பாதத்து மேல ஏறி நின்னுச்சு.

ஆஸ்பத்திரியில் ரெண்டு விரலை எடுத்தாங்க. பாதத்தில் மூணு எலும்பு உடைஞ்சது. நடந்தார், ஆனால் கடைசி வரைக்கும் தாங்கித்தான் நடந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

அப்பாவோட பென்ஸ் லாரிக் காலத்துச் சிநேகிதர் ஒருத்தர், வத்தலக்குண்டில் மெக்கானிக். எங்களுக்கு அவர் பாய், அவ்வளவுதான். பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் கட்டில் பக்கத்தில் வச்சுட்டு, எப்படி நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கால் பத்திக் கேட்கலை.

"ஏன் தம்பி உருட்டி எடுக்குறீங்க?"

"குளிர்ல செல்ஃப்ல வராதுங்க பாய்."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"ஹீட்டர் பார்த்தீங்களா?"

"லைட் எரியுதே பாய்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கிட்டார்.

பாய் செய்தது பத்து நிமிஷ வேலை. முதலில் டெஸ்ட் லாம்பை எடுத்தார். பன்னிரண்டு வோல்ட் பல்பு, ரெண்டு வயர், அவ்வளவுதான். சாவியைப் போடச் சொல்லிப் பட்டைத் தகட்டில் ஒரு வயர், பாடியில் ஒரு வயர் வச்சார். பல்பு எரிஞ்சது. அப்போ ரிலே, பியூஸ், வயர் எல்லாம் சரி, கரண்டு பிளக் வாசல் வரைக்கும் வருது. இங்கே எரியலைன்னால் பிளக்கைத் தொடவே வேண்டாம், ரிலேயைப் பார்க்கணும். அடுத்து சாவியை எடுத்துட்டு, நாலு நட்டைக் கழட்டிப் பட்டைத் தகட்டைத் தனியே எடுத்தார். இதைச் செய்யாமல் பார்த்தால் ஒண்ணோடு ஒண்ணு சேர்ந்திருக்கிறதால் நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரி காட்டும். பல்பின் ஒரு வயரை பேட்டரி பிளஸ்ஸில் வச்சு, மறு வயரால் ஒவ்வொரு பிளக் தலையையும் தொட்டார். உள்ளே கம்பி முழுசாக இருந்தால் கரண்டு அது வழியாப் பாடியில் இறங்கி பல்பு எரியும். அறுந்திருந்தால் எரியாது.

முதல் பிளக், எரியலை. ரெண்டாவது எரிஞ்சது. மூணு, நாலு, எரியலை.

இன்ஜினைச் சூடாக்கி, அப்புறம்தான் பிளக்கைக் கழட்டினார். ஆறின ஹெட்டில் கரி பிடிச்ச பிளக்கை முரட்டுத்தனமாத் திருகினால் முனை உள்ளேயே உடைஞ்சு மாட்டிக்கும், அப்புறம் ஹெட்டையே இறக்கணும். மூணாவது பிளக் முனை உருகி மெழுகுவர்த்தி மாதிரி வழிஞ்சிருந்தது. அது தானாச் செத்தது இல்லை, அந்த நாசில் ஒழுகிச் சுட்டிருக்கு என்றார். அதைச் சரி பண்ணாமல் புதுப் பிளக் போட்டால் அதுவும் போயிடும். ஆறாயிரம் வாங்கின கடையில் அந்த நாசிலைச் சரியாப் பார்க்கலை என்பது அப்போதான் தெரிஞ்சது. நாலு பிளக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சது.

மறுநாள் விடிகாலை சமதளத்தில் நிறுத்தி, லைட் அணைஞ்சதும் சாவியைத் திருப்பினேன். ஒரே சுத்து. உள்ளே அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தார். நான் வீட்டுக்குள்ள போகலை, அப்படியே லோடு எடுத்துட்டுப் போயிட்டேன்.

இப்போ வர்ற வண்டிகளில் டீசல் நேரா சிலிண்டருக்குள்ளேயே, ஊசி முனை மாதிரி ஓட்டைகளில் பயங்கர பிரஷரில் போகுது. காமன் ரெயில் என்கிறாங்க, கார்களுக்கு 1997-ல் வந்தது. லொராஞ்ஜ் வச்ச சின்ன அறை போயிடுச்சு. ஆனால் அதுக்காக வந்த பிளக் மட்டும் போகலை, புகையும் சத்தமும் குறைய வேணும் என்று ஸ்டார்ட் ஆன பிறகும் கொஞ்ச நேரம் சூடா வச்சிருக்காங்க. 2020-ல் வந்த பி.எஸ். 6 வண்டியில் எந்த பிளக் போச்சு என்று கம்ப்யூட்டரே நம்பர் போட்டுச் சொல்லுது. என் மகன் வச்சிருக்கிறது அதுதான். அவனுக்கு உருட்டி ஸ்டார்ட் பண்றது என்றால் என்னன்னே தெரியாது.

பழைய பிக்கப்பை 2014 வரைக்கும் வச்சிருந்தோம். கால் கட்டுப் பிரிச்ச மாசம் அப்பா பாய்க்கு ஆள் சொல்லி அனுப்பினார், பழைய லாரிக் கண்ணு ஒண்ணு கிடைச்சால் இந்த வண்டிக்கு மாட்டித் தரச் சொல்லி. பாய் மாட்ட முடியாது என்றார். அந்தச் சுருள் மாலை முறைக்குச் செய்தது, இதில் போட்டால் பிளக்குக்குப் போற வோல்ட்டைக் கொஞ்சம் தின்னுடும். அதுக்குப் பதிலா, பழைய லாரியில் கழட்டின அறுபது ஆம்பியர் மீட்டர் ஒண்ணைக் கொண்டு வந்து ஹீட்டர் வயரில் சேர்த்து டேஷ்போர்டில் திருகிட்டார். பிளக் ஒவ்வொண்ணும் சூடான பிறகு பத்து ஆம்பியர் சுமாருக்கு இழுக்கும். நாலும் நல்லா இருந்தால் முள் நாற்பதுகிட்ட நிக்கும். ஒண்ணு போனால் முப்பது.

அதுக்கப்புறம் தினமும் காலையில் அப்பா கம்பளியைப் போர்த்திக்கிட்டுத் தாங்கித் தாங்கி வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்காருவார். லோடோட வர மாட்டார், முள்ளைப் பார்க்க மட்டும்தான். நாற்பதுக்கு வந்ததும் "ம்" என்பார், இறங்கிப் போயிடுவார். 2009 மார்கழியில் ஒரு நாள் அந்த "ம்" வரலை. நான் அவசரத்தில் சாவியைத் திருப்பப் போனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"இருடா. முப்பதுலதான் நிக்குது."